மரத்தில் மலர்ந்த நகை

உள்ளத்து உணர்ச்சி மெய்யின்கண் புலப்படுதலை மெய்ப்பாடு என்றனர் நம் முன்னோர். மெய்ப்பாடுகள் எட்டென வகுத்த தொல்காப்பியனார் அவற்றுள் நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை எவற்றாற் பிறக்கும் என்பதையும் அவர் ஆராய்ந்தார். இளமை, பேதைமை, மடன், எள்ளல் ஆகிய நான்கும் அதன் பிறப்பிடங்கள் என்பது அவர் கொள்கை. குழந்தையின் மழலை கேட்டு நாம் நகைப்பது இளமை பற்றியது. ஒருவன் அறியாமையாற் செய்வது கண்டு நகைப்பது பேதைமை பற்றியது. பிறர் சொல்லக் கேட்டதையோ ஏட்டிற் கண்டதையோ இறுகப் பற்றிக்கொண்டு, எவர் விலக்கினும் விடாதவனைக் கண்டு நகைப்பது மடன் பற்றியது. பிறனை இழித்து நகைப்பதே எள்ளல்.

முன்னைய மூன்றுக்கும் எள்ளலுக்கும் இடையே மெல்லிய வேலி ஒன்று உண்டு. அவ்வேலியைக் கடந்துவிட்டோம் என்பது நகைப்பவனுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. நகைச்சுவை நூல்களுக்கு ஓவியம் தீட்டுவோர் இவ்வேலியின் மேலேயே நடப்பவர் ஆவர். எழுத்தாளன் ஒரு சொல்லால் மறைத்துச் சென்றதையும் ஓவியன் ஒரு முகமாக வரைந்தே தீரவேண்டும். அம்முகம் நம்மை எள்ளச் செய்கின்றதா, இரங்கச் செய்கின்றதா என்பது அவன் கையில் உள்ளது. மேலைநாட்டு நகைக்கதை ஒன்றையும் நம் தமிழ்நாட்டு நகைக்கதை ஒன்றையும், அவற்றிற்கென மரத்திற் செதுக்கப்பெற்ற ஓவியங்களையும் கொண்டு இவ்வுண்மையைக் காண்போம்.

செதுக்கிய ஓவியமும் எழுத்தும் ஒருங்கே நிற்கும் காட்சி எங்கள் அரூர்ப் பக்கத்தார்க்குப் புதியதன்று. தருமபுரி மாவட்டம் நடுகற்கள் மலிந்த நிலம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் பொருது பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அக்கல்லில் அவன் வில்லேந்தியோ வாளேந்தியோ நிற்கும் கோலத்தைச் செதுக்கி, அவன் பெயரையும் செயலையும் பொறித்தனர் அந்நாளைய மக்கள். அத்தகைய கற்கள் பல தருமபுரி அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது வரை இச்செயலுக்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகின்றது. எழுதப் படிக்க அறியாத ஆயனும் அக்கல்லின் முன் நின்று, “இவன் எமக்காக இறந்தவன்” என்று உணர்ந்தான். எழுத்து ஓதுவார்க்கும் ஓவியம் எல்லார்க்கும் உரியதாயிற்று.

அச்சுப்பொறி வந்த பின்னர், கல் செய்த தொண்டினை மரக்கட்டையும் செப்புத்தகடும் மேற்கொண்டன. சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விலைபோன ‘பெரிய எழுத்து’க் கதை நூல்களை உங்கள் பாட்டனார் காலத்தார் நன்கு அறிவர். விக்கிரமாதித்தனும் அல்லி அரசாணியும் அவற்றின் பக்கங்களில் தடித்த கோடுகளால் ஆன படங்களாக நின்றனர். கதையை ஒருவர் உரக்கப் படிப்பார்; சுற்றியிருப்போர் படத்தை எட்டிப் பார்த்துக் கேட்பர்.

இனி மேலைநாட்டுக் கதைக்கு வருவோம். ஸ்பெயின் நாட்டினரான செர்வாண்டிஸ் என்பார் இளமையில் போர்வீரராக இருந்தார். 1571ஆம் ஆண்டு நிகழ்ந்த லெபாண்டோ கடற்போரில் புண்பட்டு அவர்தம் இடக்கை செயலிழந்தது. பின்னர்க் கடற்கொள்ளையரிடம் அகப்பட்டு அல்ஜியர்ஸ் நகரில் ஐந்து ஆண்டுகள் சிறையிருந்து மீண்டார். இத்துணைத் துன்பம் உற்றவர் எழுதிய நூலே உலகின் தலைசிறந்த நகைக்கதைகளுள் ஒன்றாகத் திகழும் டான் குயிக்சோட் என்பது. அதன் முதற்பகுதி 1605ஆம் ஆண்டிலும் இரண்டாம் பகுதி 1615ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

கதைத்தலைவன் ஐம்பது வயதை நெருங்கிய எளிய நிலக்கிழான், உடல் மெலிந்தவன். பழைய வீரர் கதைகளை இரவும் பகலும் படித்துப் படித்து அவன் அறிவு திரிந்தது. தானும் ஒரு வீரனாகி உலகின் கொடுமைகளைக் களைய வேண்டும் என்று எழுந்தான். துருப்பிடித்த கவசம் ஒன்றைத் தேய்த்து அணிந்தான். எலும்பும் தோலுமாய் நின்ற தன் குதிரைக்கு ரோசினாந்தே என்னும் பெரும்பெயர் சூட்டினான். அண்டை வீட்டு உழவனாகிய சாஞ்சோ பாஞ்சாவைத் தோழனாக்கிக்கொண்டான். சாஞ்சோ குட்டையன், பெருவயிற்றன், கழுதைமேல் வருபவன். வழியில் தானியம் அரைக்கும் காற்றாலைகளைக் கண்ட தலைவன், அவற்றை அரக்கர் கூட்டம் என்றெண்ணி வேல் நீட்டிப் பாய்ந்தான். சுழன்ற இறக்கை அவனையும் குதிரையையும் தூக்கி எறிந்தது. பிறிதோரிடத்தில் ஆட்டு மந்தைகளைப் படைகள் என்றெண்ணித் தாக்கினான். நம் நடுகல் வீரனோ கால்நடைகளை மீட்கப் போரிட்டான். இவனோ கால்நடைகளோடே போரிட்டான்! போர் ஒன்றும் இன்றியே நடுகல் வேட்டவன் இவன் எனலாம்.

தான் ஏட்டில் கண்டதை விடாப்பிடியாகக் கொண்டமையால் இவன்பால் எழும் நகை மடன் பற்றியதாகும். ஆயினும் அவன் பற்றிக்கொண்டது யாது? எளியோரைக் காத்தல், கொடியோரை ஒறுத்தல், சொன்ன சொல் தவறாமை என்பனவே. அவன் செயல் நகைப்பிற்குரியது; அவன் நோக்கமோ நகைப்பிற்குரியதன்று. இவ்விரண்டையும் ஒரே படத்தில் காட்டுவதே ஓவியனுக்கு நேர்ந்த சோதனை.

செர்வாண்டிசே இச்சோதனையை முன்னுணர்ந்தார் போலும்! கதையின் முதற்பகுதியில், தலைவனது வரலாறு எழுதிய பழைய ஏடு ஒன்று தொலேதோ நகரக் கடைத்தெருவில் கிடைத்ததாகவும், அவன் போரிடும் படமும் மெலிந்த குதிரையின் படமும் அதில் இருந்தனவாகவும் வேடிக்கையாகக் கூறுகின்றார். இரண்டாம் பகுதியிலோ, நம் செயல்களின் ஓவியம் இல்லாத சத்திரமும் முடிதிருத்தகமும் இனி இராது என்று சாஞ்சோ தன் தலைவனிடம் பந்தயம் கட்டுகின்றான். நூலாசிரியர் நகையாகச் சொன்னது நாளடைவில் மெய்யாயிற்று.

1657ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்து நாட்டின் டார்ட்ரெக்ட் நகரில் இக்கதையின் டச்சு மொழிபெயர்ப்பு செப்புத்தகட்டு ஓவியங்களுடன் வெளிவந்தது. பிற நாட்டு ஓவியர் பலரும் தத்தம் மனம் போனவாறு தலைவனை வரைந்தனர். தம் நாட்டுக் கதைமாந்தரைத் தம் நாட்டு ஓவியரே திருத்தமாக வரைதல் வேண்டும் என்று ஸ்பெயின் நாட்டு அரசவைக் கழகம் முடிவு செய்தது. ஆடை, கவசம், படைக்கலம் ஆகியவை அக்காலத்துக்குப் பொருந்துமாறு ஆராய்ந்து வரையப்பெற்றன. மாட்ரிட் நகர அச்சாளர் ஹொவாக்கின் இபாரா 1780ஆம் ஆண்டில் அதனை நான்கு தொகுதிகளாக அழகுற அச்சிட்டார். ஒரு நகைக்கதைக்கு ஒரு நாடு செய்த மரியாதை அது.

இவ்விடத்துச் செதுக்கும் முறைகளைச் சிறிது அறிதல் வேண்டும். செப்புத்தகட்டில் கூரிய உளியால் கோடுகளைக் கீறுவர். அக்கீறல்களில் மை தங்கும். தகட்டின் மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளையால் மிக அழுத்தினால் பள்ளத்திலுள்ள மை தாளில் ஏறும். எழுத்துகளோ மேடான பகுதியில் மை பூசி அச்சிடப்படுவன. ஆகவே செப்புத்தகட்டுப் படத்தையும் எழுத்தையும் ஒருங்கே அச்சிட இயலாது.

மரச்செதுக்கு இதற்கு நேர்மாறானது. வெண்மையாக வேண்டிய இடத்தைச் செதுக்கி நீக்குவர். கருமையாக வேண்டிய கோடு மேடாக நிற்கும். அதனால் அக்கட்டையை ஈய எழுத்துகளோடு சேர்த்துக் கட்டி ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். நம் அச்சகத்தார் இதனைப் ‘பிளாக்’ என்று வழங்கினர். பழங்காலத்தில் மரத்தை நீளவாட்டில் அறுத்த பலகையில் கத்தியால் செதுக்கினர். அதில் மெல்லிய கோடுகள் நில்லா. இங்கிலாந்தில் தாமஸ் பியூவிக் என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு முறையைச் சிறக்கச் செய்தார். ‘பாக்ஸ்’ என்னும் செறிவுமிக்க மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த முகப்பில் கூரிய சிற்றுளியால் செதுக்குவதே அம்முறை. மயிரிழை போன்ற கோடும் அதில் நின்றது. அம்மரம் பருமன் இல்லாதது. ஆதலின் பெரிய படத்திற்குச் சிறு துண்டுகள் பலவற்றை ஒன்றாகப் பொருத்திக்கொண்டனர். படம் தாளில் இடம்வலமாக மாறி விழும் ஆதலின், கட்டையில் எல்லாவற்றையும் மாற்றியே அமைத்தல் வேண்டும். ஒரு கோடு பிழைத்தால் அதனை மீண்டும் ஒட்டுதல் எளிதன்று.

இம்முறையின் உச்சியைக் காட்டுவது 1863ஆம் ஆண்டு பாரிசு நகரில் வெளிவந்த டான் குயிக்சோட் பதிப்பு. அதன் ஓவியர் குஸ்தாவ் டோரே. அப்போது அவர்க்கு வயது முப்பதை ஒட்டியே இருந்தது. ஸ்பெயின் நாட்டில் பயணம் செய்து அந்நாட்டு மலையையும் பாலைபோன்ற வெளியையும் மக்களையும் கண்ணாரக் கண்டவர் அவர். அப்பதிப்பின் முதற்படமே கருத்தை ஈர்ப்பது. தலைவன் தன் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றான். ஒரு கையில் நூல். மறு கையில் ஓங்கிய வாள். அவனைச் சுற்றி அறை முழுதும் அரக்கரும் வீரரும் மங்கையரும் விலங்குகளும் நெருங்கி நிற்கின்றனர். அவை எல்லாம் அவன் படித்த நூல்களிலிருந்து எழுந்து வந்தவை. நமக்கு அவன் பித்தனாகத் தோன்றலாம். ஆனால் அவன் காண்பவற்றை நாமும் காணுமாறு செய்துவிட்டார் டோரே. ஒரு நல்ல நூலைக் கையில் ஏந்தி நள்ளிரவிலும் கண்ணுறங்காமல் இருந்தவர் எவரும் அப்படத்தைக் கண்டு, “இவன் எனக்கு அயலான்” என்று சொல்ல மாட்டார்.

அப்பதிப்பின் படங்களை உற்று நோக்கினால் ஒரு மூலையில் டோரேயின் பெயரும் மற்றொரு மூலையில் பிசான் என்னும் பெயரும் இருத்தலைக் காணலாம். டோரே கோடுகளால் மட்டும் வரைந்தவர் அல்லர். மையைக் கரைத்துத் தூரிகையால் மரத்தின்மேல் ஒளியும் நிழலும் தீட்டினார். அந்நிழலை எல்லாம் எண்ணற்ற கோடுகளாக மாற்றிச் செதுக்கியவர் எலியோடோர் பிசான் என்னும் கைவினைஞர். மலைமேல் விழும் மாலை வெயிலை மரத்தில் உண்டாக்க வேண்டுமாயின், அவ்வெயில் படும் இடமெல்லாம் மரத்தைச் சிறிது சிறிதாக நீக்குதல் வேண்டும். வரைந்தவர் பெயரை உலகம் போற்றுகின்றது; செதுக்கியவர் பெயரை அறிந்தோர் சிலரே.

இப்பதிப்பிற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர், இலண்டன் மாநகரில் நம் தமிழ்க்கதை ஒன்றும் மரச்செதுக்கு ஓவியங்களோடு வெளிவந்தது என்பதை நம்மவருட் பலர் அறியார். அதுவே வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்து, தமிழகம் போந்து, தேம்பாவணியும் சதுரகராதியும் யாத்து, நெட்டெழுத்துகளாகிய ஏகார ஓகாரங்களைக் குற்றெழுத்துகளினின்று பிரித்தறியும் வரிவடிவமும் தந்த அப்பெரியார், தமிழ் பயில்வார்க்கு எளிய உரைநடை பழகுதற்பொருட்டு இந்நகைக்கதையைத் தமிழிலும் இலத்தீனிலும் எழுதினார். அவர் 1747ஆம் ஆண்டு மறைந்தார். அதற்கு எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1822ஆம் ஆண்டில், பெஞ்சமின் பாபிங்டன் என்பார் தமிழ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இலண்டனில் அச்சிட்டார். இவர் சென்னையில் அலுவல் பார்த்துத் தாயகம் திரும்பிப் பின்னாளில் மருத்துவராகப் புகழ் பெற்றவர்.

1861ஆம் ஆண்டுப் பதிப்பு இதனினும் வேறானது. ஆல்பிரட் குரோகுவில் என்னும் புனைபெயர் கொண்ட நகைச்சித்திரக்காரர் ஒருவர், மரக்கட்டையில் வரைந்த ஐம்பது படங்களால் அதனை அணிசெய்தார். கதையில் வரும் சீடர் ஐவர் பெயர் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பன. அவை அங்கு நூடில், டூடில், வைசேக்கர், சேனி, பூசில் என்னும் ஆங்கிலக் கேலிப்பெயர்களாயின. நம் ஆற்றங்கரையில் பிறந்த கதை, தேம்ஸ் நதிக்கரையார் நகைப்பிற்கெனப் புதுக்கோலம் பூண்டது. ஸ்பெயின் நாட்டுக் கழகத்தார் தம் கதைத்தலைவனின் ஆடைக்கும் கவசத்திற்கும் காட்டிய அக்கறையை, நம் குருவின் தலைப்பாகைக்கும் ஊன்றுகோலுக்கும் காட்ட அந்நாளில் ஒரு கழகமும் இருந்ததில்லை. இதனை எண்ணுந்தோறும் என் நெஞ்சில் ஒரு குறை தோன்றும். நம் கதைக்கு நாமே முகம் வரைதல் வேண்டாவோ?

இக்கதையில் நகை பெரும்பாலும் பேதைமை பற்றியது. ஆறு விழித்திருக்கின்றதா உறங்குகின்றதா என்று அறியச் சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் இடுகின்றான். ‘சுர்’ என்ற ஒலியும் புகையும் எழவே, ஆறு விழித்துச் சினக்கின்றது என்று அஞ்சி ஓடுகின்றான். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலைகொடுத்து வாங்குகின்றனர். அது வீழ்ந்து உடைய, புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக்குட்டி என்றெண்ணித் துரத்துகின்றனர். இவற்றையெல்லாம் விட ஆழ்ந்த பொருளுடையது ஆறு கடந்த பின் அவர்கள் எண்ணிப் பார்க்கும் காட்சி. குருவும் சீடருமாக அறுவர் கரையேறுகின்றனர். எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகின்றான், ஐவரே உளர். ஒருவனை ஆறு விழுங்கிற்று என்று அனைவரும் புலம்புகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவர் முதுகிலும் அடி கொடுத்து, அடிபட்டவன் தன் எண்ணைச் சொல்லுமாறு செய்த பின்னரே ஆறாமவன் அகப்படுகின்றான்.

யான் அரூரை அடுத்த ஒரு பள்ளியில் தமிழ் பயிற்றிய நாளில் இக்கதையை வகுப்பில் கூறினேன். மாணவர் வயிறு குலுங்க நகைத்தனர். மறுநாள் சீடர் பெயர்கள் ஐந்தும் வகுப்பிலுள்ள ஐவர்க்குச் சூட்டப்பெற்றிருந்தன. மிகுதியாகப் பேசாத மாணவன் ஒருவனுக்கு ‘மடையன்’ என்னும் பெயர் வாய்த்தது. அவன் விடை சொல்ல எழும்போதெல்லாம் பின்வரிசையில் அப்பெயர் மெல்ல ஒலித்தது. நகை எள்ளலாக மாறிவிட்டது. யான் கடிந்தேன், கடிந்த பின் அது முணுமுணுப்பாயிற்றே அன்றி நின்றபாடில்லை.

சில நாள் கழித்து நண்பகல் உணவுக்குப் பின் வகுப்பிற்குச் சென்றேன். கரும்பலகை முழுதும் ஒரு படம் வரையப்பட்டிருந்தது. வரைந்தவன் அம்மாணவனே. ஆறு ஓடிற்று. ஆற்றின் பின்னே நின்ற மலையின் வடிவம் எங்கள் தீர்த்தமலையை ஒத்திருந்தமையால் அவ்வாறு தென்பெண்ணையே என்பது விளங்கிற்று. சீடர் ஐவரும் ஈர வேட்டியோடு கரையில் நடுங்கி நின்றனர். அவர்தம் முகங்கள் எவரையும் பழிக்கவில்லை; நனைந்த எவர் முகமும் போன்றே இருந்தன. அவர்களுக்கு எதிரே குரு கைவிரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். அக்குருவின் மூக்கின்மேல் ஒரு கண்ணாடி; அஃது என் கண்ணாடி! தோளில் ஒரு துண்டு. அதன் மடிப்பும் என் மடிப்பே! வகுப்பறை மூச்சடங்கி இருந்தது. யான் அப்படத்தின் அருகே சென்று குருவைப் போலவே விரல் நீட்டி, ஐவரையும் எண்ணி, ஆறாவதாக என் மார்பைத் தொட்டு, “காணாமற்போனவர் அகப்பட்டார்” என்றேன். அன்று எழுந்த நகையில் அம்மாணவனும் கலந்துகொண்டான். அதன்பின் அப்பெயரை யான் அவ்வகுப்பில் கேட்டதில்லை. பல நாள் கடிந்துரைத்து என்னால் இயலாததைச் சுண்ணக்கட்டி ஒன்று செய்து முடித்தது.

மாணவச் செல்வங்களே! எள்ளலுக்கும் ஏனைய நகைக்கும் இடையேயுள்ள வேலி யாது என்பது இப்போது உங்கட்குப் புலனாகும். எள்ளுபவன் பரமார்த்த குருவின் கூட்டத்தானைப் போலப் பிறரை எல்லாம் எண்ணித் தன்னை எண்ணாது விடுகின்றான். பேதைமையைக் கண்டு நகைக்கும் நல்லோனோ தன்னையும் அவ்வரிசையில் நிறுத்தி எண்ணுகின்றான். டோரே தீட்டிப் பிசான் செதுக்கிய படங்கள் இத்தனை ஆண்டுகள் கடந்தும் மங்காது நிற்றற்குக் காரணம் இதுவே. காற்றாலையால் எறியுண்ட மெலிந்த வீரனைப் பார்த்து நாம் நகைக்கின்றோம். நகைத்து முடிப்பதற்குள், நாம் பாய்ந்து வீழ்ந்த காற்றாலைகள் நம் நினைவிற்கு வருகின்றன.

இவ்விரு கதைகளும் தலைவனின் சாவிலேயே முடிகின்றன என்பதையும் கருதுக. குயிக்சோட் இறுதியில் மயக்கம் நீங்கித் தன் மெய்ப்பெயரோடு உயிர் நீக்கின்றான், அவனைப் பின்பற்றி அடியும் பட்ட சாஞ்சோ, “இறக்க வேண்டா, எழுந்து வருக, மீண்டும் புறப்படுவோம்” என்னும் பொருள்பட அழுகின்றான். பரமார்த்தரும் புரோகிதன் சொன்ன சொல்லை நம்பி அஞ்சியிருந்து ஒருநாள் மறைகின்றார். நகைக்கு அடுத்த மெய்ப்பாடாகத் தொல்காப்பியனார் வைத்தது அழுகை. அவ்வைப்பு முறையின் நுட்பம் இந்நூல்களைப் படிப்பார்க்கு இனிது விளங்கும்.

படம் உள்ள நூல் ஒன்று கைக்கு வருமாயின் விரைந்து பக்கம் புரட்டற்க. கோடுகள் எவ்வாறு நிற்கின்றன என்று பாருங்கள். மூலையில் பொறித்த பெயர்களைத் தேடுங்கள். வரைந்தவர்க்குத் தரும் மதிப்பைச் செதுக்கியவர்க்கும் தருக. உங்களுள் ஓவியம் வல்லார் நம் கதைகளுக்கு நம் மலையும் ஆறும் முகமும் கொண்டு படம் தீட்டுக. எவரேனும் ஒருவரைப் பார்த்து நகைக்க நேருங்கால், விரல் நீட்டி எண்ணுமுன் உங்களையும் ஒருவராக எண்ணிக்கொள்க.